குங்குமம் வைத்த காந்தம்

புறத்தேர்வாளர் என்பது பல்கலைக்கழக உலகில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சமமான பதவி. ஸ்டேஷனுக்கு ஆள் வரும். காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருப்பார்கள். நாம் ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்பது போல எல்லோரும் நடந்துகொள்வார்கள். அந்த ஒரு வார்த்தையை நாம் சொல்லப்போவதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். சேலத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளும் எனக்கு வருடத்தில் ஓரிரு முறை இந்த மரியாதை கிடைக்கிறது. இந்தத் தடவை திருவனந்தபுரம்.

பட்டம் வாங்க வேண்டியவர் செல்வராணி என்ற பெண். வயது முப்பதைத் தாண்டியவர், சாலை என்ற கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம். ஆய்வுப் பொருள் துத்தநாக ஆக்சைடு. முகப்பவுடரிலும் வேர்க்குருக் களிம்பிலும் இருக்கும் அதே வெள்ளைப் பொடிதான். கண்ணாடித் தகட்டின் மேல் அதை மெல்லிய படலமாகப் பூசினால் குறைக்கடத்தி.

குறைக்கடத்திகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மின்சாரத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்கள். இன்னொன்றில் எலக்ட்ரான் இருக்க வேண்டிய இடத்திலுள்ள காலி இடங்கள், அதாவது துளைகள். இரண்டையும் ஒட்டவைத்தால்தான் விளக்கு எரியும், செல்போன் பேசும். துத்தநாக ஆக்சைடு பிறவியிலேயே எலக்ட்ரான் வகை. அதைத் துளை வகையாக மாற்ற உலகம் முழுக்கத் தலைகீழாக நின்று பார்த்தார்கள். மாறிவிட்டது என்று அறிவித்தவர்களின் படலங்கள், கட்டுரை அச்சாகி வருவதற்குள் பழைய குணத்துக்குத் திரும்பிவிட்டன. திருவனந்தபுரத்தில் ஒரே ஓர் ஆய்வகத்தில் மட்டும் அது சமர்த்தாக மாறியது, மாறியபடியே பல வருடங்கள் இருந்தது. செல்வராணியின் வழிகாட்டிப் பேராசிரியர் அந்த ஆய்வகத்தின் தலைவர். விருதுகள், வெளிநாட்டுப் பயணங்கள், அவரிடம் படித்த அரை டஜன் முனைவர்கள் எல்லாம் அந்த ஒரு மாற்றத்தால் வந்தவை.

அதை நம்பிக் கெட்டவன் என் மாணவன் முருகேசன். அவர்கள் எழுதியிருந்த செய்முறையை எழுத்துப் பிசகாமல் செய்வான். எலக்ட்ரான் வகைதான் வரும். மறுபடி செய்வான். மறுபடியும் அதுவே. வரவில்லை என்பதையே கட்டுரையாக எழுதி அனுப்பினோம். ஆய்வாளருக்குக் கைப்பழக்கம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "எனக்குக் கைராசி இல்லைங்க மேடம்" என்று சொல்லி ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஆத்தூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்துகிறான். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. எல்லாம் முறையாக நடக்கட்டும் என்று ஒதுங்கும் ஆளில்லை நான். தேர்வாளர் அழைப்பு வந்ததும் உடனே ஒப்புக்கொண்டதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கியபோது மழை ஊரைத் துவைத்துக்கொண்டிருந்தது. வரவேண்டிய கார் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தது. ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் கேட்காமலே மீட்டர் போட்டார். சேலத்து ஆட்டோக்களில் மீட்டர் என்பது திருஷ்டிக்குக் கட்டிய பொம்மை. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் மிகையில்லை. ஆனால் அந்த நேர்மையான ஆட்டோ பஸ் ஸ்டாண்டு முனை தாண்டுவதற்குள் முழங்கால் தண்ணீரில் இருமி நின்றுவிட்டது. "மழைக்காலம் முடியும்வரை தம்பானூர் எங்களுடையது இல்லை, தண்ணீருடையது" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு ஓட்டுநர் பீடி பற்றவைத்தார். மீட்டர் மட்டும் நிற்காமல் ஓடியது.

குடை பெட்டிக்கு அடியில் இருந்தது. கையில் இருந்தது செல்வராணியின் ஆய்வேடு. நல்ல கெட்டி ரெக்சின் அட்டை. அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தேன். எங்கள் துறையில் ஓர் ஆய்வேடு ஒரு மனித உயிருக்கு நேரடியாகப் பயன்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

விருந்தினர் விடுதியில் குடிக்கக் கொடுத்த தண்ணீர் ரோஸ் நிறத்தில் இருந்தது. கல்லூரி ஆய்வகத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் பிப்பெட்டில் உறிஞ்சிய காலம் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். பதிமுகம் என்ற மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்ததாம். ரத்த சுத்திக்கு நல்லது என்றார்கள். இந்த ஊரில் எதுவும் வெறுமனே தாகத்துக்குக் குடிக்கப்படுவதில்லை போலும்.

மதியம் பேராசிரியர் வந்தார். மாணவர்கள் அவரை வலிய சார் என்கிறார்கள். வலிய என்றால் பெரிய. தும்பைப்பூ வேட்டி, சந்தனக் கீற்று, யாரையும் மடக்கிவிடும் சிரிப்பு. மீன்குழம்பை எனக்குத் தன் கையால் பரிமாறினார்.

"சேலத்துல மழை உண்டோ மேடம்? உங்க ஸ்டூடன்ட் ஒருத்தர் நம்ம மெட்டீரியல் செஞ்சு நோக்கினார் அல்லே? கிட்டியில்லா. அது உங்க வெள்ளத்தின்டெ பிரச்சினை. உப்பு கூடுதல்."

"டிஸ்டில்டு வாட்டர்தான் சார் எடுத்தோம்." வெள்ளம் என்றால் அங்கே தண்ணீர்.

"எவ்வளவு டிஸ்டில் செஞ்சாலும் ஒரு குணம் நிக்கும் மேடம்" என்றார், கனிவாக. மனிதர்களைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. அந்த மாதத்தோடு அவருக்கு ஓய்வு. செல்வராணியின் வாய்மொழித் தேர்வும் அவருடைய பாராட்டு விழாவும் ஒரே மேடையில், ஒரே பாயசத்தில் முடிவதாக ஏற்பாடு.

சாப்பாட்டுக்குப் பிறகு செல்வராணி என்னை ஆய்வகத்துக்கு அழைத்துப்போனார். சிரிக்காத முகம், வேகமான நடை. வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார். தூசிக்குப் பயந்து என்று நினைத்தேன். உள்ளே போனால் ஒவ்வொரு கருவிக்கும் சந்தனம், குங்குமம். வெற்றிடப் பம்பு முகம் கழுவிப் பொட்டு வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய மாதிரி நின்றது.

"பூஜை வைப்பு மேடம். நவராத்திரிக்கு எல்லாத்தையும் கழட்டித் தொடச்சு பூஜைக்கு வைப்போம். விஜயதசமி அன்னிக்கு எடுத்து மறுபடி மாட்டுவோம்."

"காந்தத்தையுமா?"

"பின்னே? வலிய சாருக்கு அதாக்கும் எல்லாத்திலயும் முக்கியம்."

இந்தக் காந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு படலம் எந்த வகை என்று கண்டுபிடிக்க அதைக் காந்தத்தின் நடுவே வைத்து மின்சாரம் செலுத்துவோம். பக்கவாட்டில் ஒரு சின்ன மின்னழுத்தம் தோன்றும். இதற்கு ஹால் அளவீடு என்று பெயர். அது மைனஸ் என்றால் எலக்ட்ரான், பிளஸ் என்றால் துளை. காந்தத்தைத் தலைகீழாக மாட்டினால் பிளஸ் மைனஸ் ஆகும், மைனஸ் பிளஸ் ஆகும். அதனால்தான் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று காட்ட, காந்தத்தைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் ஒரு முகத்தில் செய்தவர்களே சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு வைத்து அனுப்புவார்கள்.

இந்தச் சட்டத்திலும் மேல்முகத்தில் சிவப்புப் பொட்டு இருந்தது. கொஞ்சம் பெரிய பொட்டு. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உதிர்ந்தது. குங்குமம். வருடாவருடம் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் படிந்த குங்குமம். அதற்கடியில் வெறும் இரும்பு. குனிந்து கீழ்முகத்தைப் பார்த்தேன். யாரோ பக்தியோடு தின்னர் போட்டுத் துடைத்ததில் பிழைத்த சிவப்புப் பெயின்ட், மூலையில் ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

மேஜையில் இரண்டு பெட்டிகளில் சிலிக்கான் துண்டுகள். எது எந்த வகை என்று தயாரித்த கம்பெனியே அச்சடித்து அனுப்பியவை. கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க முதலில் அவற்றைத்தான் அளக்க வேண்டும். இரண்டு பெட்டியிலும் அச்செழுத்து கோடு போட்டு அடிக்கப்பட்டு, பால்பாயின்ட் பேனாவால் நேர்மாறாக எழுதப்பட்டிருந்தது.

"கம்பெனிக்காரங்க லேபிளை மாத்தி ஒட்டிட்டாங்கன்னு சார் பறஞ்சாரு" என்றார் செல்வராணி.

"ரெண்டு பெட்டியிலுமா?"

"ரெண்டுலயும்தான்." என் முகத்தைப் பார்க்காமல் பெட்டிகளை நேராக அடுக்கினார்.

எனக்கு ரயிலில் ஆய்வேட்டைப் படித்தபோது உறுத்திய ஒன்று அப்போது விளங்கியது. முந்நூறு பக்கப் புத்தகத்தில் அந்தப் பக்கவாட்டு மின்னழுத்தத்தைப் பற்றிய எண்கள் நிறைய இருந்தன. ஒரு எண்ணுக்கு முன்னாலும் பிளஸ்ஸும் இல்லை, மைனஸும் இல்லை. வகை என்ன என்ற இடத்தில், இந்த ஆய்வகத்தின் முந்தைய முடிவுகளின்படி என்று ஒரு வரி. மறதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இவ்வளவு கச்சிதமாக யாரும் மறக்க மாட்டார்கள்.

மறுநாள் தேர்வு நடக்கவில்லை. கனமழைக்காகக் கல்வி நிலையங்களுக்குக் கலெக்டர் விடுமுறை விட்டுவிட்டார். எங்கள் ஊரில் மழை விடுமுறை என்பது பொங்கல் போல எப்போதாவது வரும். இங்கே அது மாதச் சம்பளம் போல. வலிய சார் போன் செய்து, பாயசத்துக்குச் சொல்லியிருந்த ஆளிடம் தேதி மாற்றச் சொல்லிவிட்டதாகவும், நான் கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

ஊர் சுற்றிக் காட்ட செல்வராணி ஸ்கூட்டரில் வந்தார். எனக்குத் தனியாக ஒரு மழைக்கோட்டு. பத்மநாபனைப் பார்க்கலாம் என்றார். சாலை பஜாருக்குப் போகலாம் என்றேன். பஜாரில் அடைமழையிலும் வியாபாரம் ஓய்வதில்லை. பாத்திரக் கடைக்காரர் ஒருவர் தமிழில் பேரம் பேசி, மலையாளத்தில் சத்தம் போட்டு, மறுபடி தமிழில் சமாதானமானார். வாழைத்தார்களுக்கும் பிளாஸ்டிக் குடங்களுக்கும் நடுவே தண்ணீர் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஹார்டுவேர் கடையில் நுழைந்து திசைகாட்டி இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்துக்காரர்.

"வாஸ்துக்கா மேடம்? வீட்டுக்கா, கடைக்கா?"

"ஒரு காந்தத்துக்கு."

அவர் அசரவில்லை. "இந்த அக்காவும் மின்னாடி இதே கேட்டு ஒண்ணு வாங்கிட்டுப் போனாங்க. பிசிக்ஸ்காரங்களுக்கு என்னமோ வாஸ்து தோஷமாக்கும்."

நான் திரும்பினேன். செல்வராணி தன் தோள்பையைத் திறந்து ஒரு திசைகாட்டியை எடுத்தார். அதே கம்பெனி, அதே பித்தளை மூடி.

"மேடம் வாங்க வேண்டாம். என் கையில உண்டு."

அரிசி மண்டியின் பின்கட்டில், மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மீதியைச் சொன்னார். சில வருடங்களுக்கு முன்பே சந்தேகம் வந்து, திசைகாட்டியோடு ஆய்வகத்துக்குப் போயிருக்கிறார். காந்தத்துக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோனால் முள்ளே காந்தம் மாறிப் பொய் சொல்லும் என்பதால் வாசல் அருகிலிருந்து ஒவ்வோர் அடியாகப் போயிருக்கிறார். சந்தேகத்துக்கே இடமில்லை. என்றைக்கோ ஒரு விஜயதசமியில் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். அதன் பிறகு துளை வகை பிறந்திருக்கிறது. பிறகு யாருக்கும் அதைச் சரிபார்க்க மனமில்லை. வருடாவருடம் கழற்றினார்கள், பூஜை செய்தார்கள், குங்குமம் இருந்த பக்கத்திலேயே புதுக்குங்குமம் வைத்து அப்படியே மாட்டினார்கள்.

"நான் சார்கிட்டே போய்ப் பறஞ்சேன் மேடம். அவரு கோபப்படல்லே. பின்னே சொன்னாரு, ஆத்யம் டிகிரி, பின்னெ சத்யம்." முதலில் பட்டம், உண்மை பிறகு. "நான் தீஸிஸ்ல மைனஸ் போட்டு எழுதினேன். அவரு கையெழுத்துப் போடல்லே. மாசக் கணக்கா மேஜையில கெடந்துச்சு. குறியை எடு, கையெழுத்துத் தாரேன்னாரு. எடுத்தேன். பொய் நான் எழுதல்லே மேடம். குறி போடல்லே, அவ்வளவுதான்."

அவருடைய அப்பா வாழையிலையில் சுடச்சுட ரசவடை கொண்டுவந்து வைத்தார். திருநெல்வேலியிலிருந்து சின்ன வயதில் வந்து மூட்டை தூக்கி, பிறகு மண்டி வைத்தவர். பெரியவர் என்று சொல்லிவிட முடியாது, மகளை விட வேகமாக நடக்கிறார்.

"மேடம், நீங்கதானே நாளைக்கு மார்க் போடுதது? இவ காலேஜுல கெஸ்ட் லெக்சரரா எத்தனையோ வருஷமா ஓடிக்கிட்டு இருக்கா. இப்பம் பெர்மனன்ட் போஸ்ட்டுக்கு ஆர்டர் வந்துட்டு. ஆனா இந்த மாசக் கடைசிக்குள்ள டாக்டர் பட்டம் காட்டணும்னு சொல்லுதான். இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும். வயசும் தாண்டிரும், அல்லே?" மகளிடம் திரும்பினார். "ஏட்டி, மேடத்துக்கு இன்னொரு வடை வை."

அவர் போன பிறகு செல்வராணி என்னைப் பார்த்தார். முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

"நாளைக்கு அந்தக் குறியைப் பத்தி மட்டும் கேக்காதீங்க மேடம். கேட்டா நான் உள்ளதைச் சொல்லுவேன். சொன்னா தேர்வு நின்னுபோகும். எனக்கு வேற வழி அறியாது."

ரசவடை அருமையாக இருந்தது. எனக்கு அதைத் தின்ன வெட்கமாக இருந்தது. தின்றேன்.

அடுத்த நாள் நடக்கும் விருந்துக்குப் போளி சொல்ல வேண்டும் என்று கரமனைக்குக் கிளம்பினோம். ஸ்கூட்டர் தண்ணீர் குடித்து மறுத்துவிட்டதால் டவுன் பஸ். ஜன்னல் ஷட்டர்களை எல்லாம் இறக்கிவிட்டதில் உள்ளே பட்டப்பகலில் இருட்டு. பின்சீட்டில் ஒரு பெண் இன்னொருத்தியிடம் மலையாளத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். "கலெக்டர் பிள்ளைகளுக்கு லீவு விட்டுவிட்டார். எங்களுக்கு ஒரு லீவு கொடுக்க எந்தக் கலெக்டர் வருவார்?" கண்டக்டர், அதற்கு மந்திரிசபை கூடியாக வேண்டும் என்றார்.

கரமனை அக்கிரகாரத்தில் போளி செய்து விற்கும் மாமி, வாய்மொழித் தேர்வு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டிபென்ஸா? டிபென்ஸ்னா சொன்னதுக்கு மேலயே ஆள் வரும், கேட்டுக்கோ. கேள்வி கேக்க வராதவாகூட போளிக்கு வருவா. போன மாசம் கெமிஸ்ட்ரிக்குக் கொடுத்தேன், பத்தலைன்னா. இவா யாரு, எக்ஸ்டர்னலா? வாங்கோ, ஒண்ணு சாப்ட்டுட்டுப் போங்கோ." மாவுக் கையோடு எனக்கு ஒரு போளியை எடுத்து நீட்டினார். "இந்தக் கைப் போளிக்குச் சொல்லிட்டுப் போன ஒருத்தர்கூட இதுவரைக்கும் ஃபெயில் ஆனதில்லே."

அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. இந்தத் தேசத்தில் போளி சொல்லும் அளவுக்குப் போன யாரும் ஃபெயில் ஆவதில்லை. சாப்பாட்டுக்குச் சொல்லியாகிவிட்டது என்பதுதான் நம் ஆராய்ச்சியின் கடைசி நிரூபணம். நாங்கள் சேலத்தில் தட்டுவடை செட்டோடு முடித்துக்கொள்கிறோம். அந்த அளவுக்கு எங்கள் அறிவியலும் எளிமையானது.

அன்று சாயங்காலம் விடுதி அறையில் உட்கார்ந்து கேள்விகளை எழுதினேன். முதல் கேள்வியாகக் குறியைப் பற்றி எழுதினேன். அடித்தேன். முருகேசனின் முகம் வந்தது. மறுபடி எழுதினேன். அரிசி மண்டிக்காரரின் முகம் வந்தது. வலிய சாரைச் சந்தியில் நிறுத்த வேண்டும் என்ற ஆத்திரம் எனக்கு இருந்தது. ஆனால் நான் கல்லை எறிந்தால் அவர் மேல் படாது. அவருக்கு ஓய்வூதியம் கையெழுத்தாகிவிட்டது. நடுவில் நிற்கும் பெண்ணின் மண்டைதான் உடையும். இப்படிப்பட்டவர்கள் எப்போதும் யாரையாவது முன்னால் நிறுத்திக்கொண்டுதான் நிற்கிறார்கள். கடைசியில் அந்தக் கேள்வியைக் கிழித்துப் போட்டேன். நிம்மதி வரவில்லை.

மூன்றாம் நாள் வெயில். அரங்கம் நிறைந்திருந்தது. மாமி சொன்னது சரி, பாதிப் பேரை எந்தத் துறையிலும் சேர்க்க முடியாது. முதல் வரிசையில் வலிய சார், கழுத்தில் முன்னோட்டமாக ஒரு மாலை. செல்வராணி நன்றாகப் பேசினார். படலத்தின் தடிமன், ஒளி ஊடுருவல், வெப்பநிலை எல்லாம் வந்தன. அது எந்த வகை என்பது மட்டும் பந்தியில் மறந்த உப்பாக வரவே இல்லை. என் முறை வந்தது. ஒளி ஊடுருவலைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டேன். எந்தத் தொந்தரவும் தராத கேள்விகள். வலிய சார் என்னை நோக்கித் தலையசைத்தார். நல்ல சம்பந்தி என்ற பார்வை.

தேர்வுக் குழு மேடையிலேயே கையெழுத்திட்டது. பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறோம் என்று தலைவர் வாசித்தார். கைதட்டல். அரிசி மண்டிக்காரர் எழுந்து நின்று எல்லாப் பக்கமும் கும்பிட்டார். வாசல் பக்கம் பாயச வாசனை கிளம்பியது. பின்வரிசை மெல்லக் கரையத் தொடங்கியது.

பட்டம் அறிவித்தபின் வாங்கியவர் நன்றி சொல்ல வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். கடவுளில் தொடங்கி லேப் அட்டெண்டரில் முடியும். யாரும் கேட்பதில்லை. செல்வராணி கடவுளுக்கு நன்றி சொன்னார். அப்பாவுக்குச் சொன்னார். ஆங்கிலத்தில்தான் பேசினார். வழிகாட்டிக்கு வந்தபோது மட்டும் தடம் மாறினார்.

"வலிய சார் எனக்கு ஒரு காரியம் படிப்பிச்சுத் தந்தாரு. ஆத்யம் டிகிரி, பின்னெ சத்யம். டிகிரி இப்போ கிட்டியாச்சு."

பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து மைக் மேஜை மேல் வைத்தார். பிறகு எழுதிவைத்ததைப் படிப்பது போலச் சொன்னார். ஆய்வகக் காந்தம் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. பூஜைக்குக் கழற்றித் திரும்ப மாட்டும்போது நடந்தது. இந்த ஆய்வகத்திலிருந்து வந்த துளை வகைகள் எல்லாமே எலக்ட்ரான் வகைகள். நூலகத்துக்குக் கொடுக்கும் திருத்திய பிரதியில், என்னுடைய எண்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் மைனஸ் குறி இருக்கும். எல்லோருக்கும் நன்றி, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

கூட்டம் கைதட்டியது. நன்றியுரை முடிந்தால் தட்டும் பழக்கத்தில் தட்டியது. முன்வரிசையில் கேட்டவர்கள் நாலைந்து பேர்தான், அவர்களும் பாதித் தட்டலில் கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டார்கள். வலிய சாரும் தட்டிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்த பிறகும் கொஞ்ச நேரம் கை தட்டியது.

எனக்கு எழுந்து விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. என் வயதுக்கும் பதவிக்கும் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

பந்தியில் போளியைப் பிய்த்துப் போட்டு அதன் மேல் பாலடைப் பாயசத்தை ஊற்றிப் பிசைகிறார்கள். எங்கள் பக்கம் போளிக்கு மேல் கொஞ்சம் நெய் விட்டாலே ஆடம்பரம். முதல் வாய்க்கு முன் நெற்றி சுருங்கியது. இரண்டாம் வாய்க்கு அந்த ஊரில் வீடு வாங்கலாமா என்று தோன்றியது. வலிய சார் இலையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாலையைக் கழற்றியிருந்தார். சிரிப்பு திரும்பி வந்திருந்தது. அவரைச் சாதாரணமாக எடைபோட்டுவிட்டேன் என்று அப்போது புரிந்தது.

"மேடம், நோக்கின், இது ஒரு நல்ல பேப்பருக்குள்ள விஷயமாணு. ஹால் மெஷர்மென்ட்ல துருவப் பிழை, ஒரு எச்சரிக்கை. வேற யாரெங்கிலும் எழுதுறதுக்கு முன்னே நம்மளே எழுதணும். மேடமும் சேரணும். நம்ம ரெண்டு யூனிவர்சிட்டி கூட்டு முயற்சி."

தன் வீடு எரிந்தாலும் அந்தச் சூட்டில் காபி போடக்கூடிய மனிதர். நான் சிரித்துவிட்டேன்.

"சேர்றேன் சார். ஆனா முதல் பேர் முருகேசன்னு இருக்கணும். ரெண்டாவது செல்வராணி. சரியான விடையை முதல்ல அளந்தவங்க அவங்கதான்."

"முருகேசனோ? அது யாரு?"

அவர் உண்மையாகவே யோசித்தார். ஞாபகம் வரவில்லை. உப்புத் தண்ணீர்க்காரர் என்று சொல்லியிருந்தால் வந்திருக்கும்.

கை கழுவும் இடத்தில் செல்வராணி நின்றிருந்தார். "மேடம், தேங்க்ஸ்" என்றார். கேள்வி கேட்காததற்கா, வேறு எதற்கா என்று நான் கேட்கவில்லை. அவர் கண்ணில் பயமும் இருந்தது. சிரிப்பும் முதல்முறையாக இருந்தது.

ரயிலுக்கு நேரம் இருந்தது. தம்பானூர் பிளாட்பாரத்தில் நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொட்டலங்களுக்கு நடுவே உட்கார்ந்து முருகேசனுக்குப் போன் செய்தேன். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. காந்தத்தையும் பூஜையையும் குங்குமத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்துச் சிரிப்பு வரும் இடங்களில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"அப்ப என் கையில ஒண்ணும் குத்தமில்லைங்களா மேடம்?"

"இல்லப்பா."

"எல்லாச் சாம்பிளுமேங்களா?"

"எல்லாமே சரியாத்தான் இருந்திருக்கு. முதல்லருந்தே."

பிள்ளைகளின் சத்தம் கூடிக்கொண்டே போனது. யாரோ சார் சார் என்று கூப்பிட்டார்கள்.

"பசங்க காத்திருக்காங்க, வைக்கிறேங்க மேடம்" என்றான். ஆனால் வைக்கவில்லை. ரயில் வந்து நிற்கும்வரை நானும் வைக்கவில்லை.